ஹேவ்லாக் படகில் ஒரு சீன ஜெனரல்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில், அரிசி மூட்டைமேல் ஒரு சீன ஜெனரல் உட்கார்ந்து பீடி குடிக்கிறார். காக்கிச் சட்டையில் சோடா மூடிப் பதக்கங்கள், உதட்டுக்கு மேல் மையால் வரைந்த தொங்கு மீசை. பெயர் ராமசாமி, ஊர் பரமக்குடி என்று என்னிடம் சொல்கிறார். போர்ட் பிளேரில் சர்க்கார் ஸ்டோர் கீப்பர்.

"ஹேவ்லாக்ல குடியேறின பெங்காலிங்க வருஷா வருஷம் நாடகம் போடுவாங்க. சீனச் சண்டை முடிஞ்ச வருஷம் அதுல நான் சீனச் சிப்பாய் சார். திரை தூக்கினதும் செத்துருவேன். அடுத்த வருஷம் அரசியல் அதிகாரி. சீனப் பட்டாளத்துல சண்டைக்கு ஒருத்தரு, பேச்சுக்கு ஒருத்தராம். எனக்குச் சீனம் எங்கிட்டுத் தெரியும்? ஸ்டோர்ல கெடக்குறதையெல்லாம் தமிழ்ல அடுக்கினேன். 'தார் டின்னு! தகரம்! அரையங்குல ஆணி!' பெங்காலிங்க நடுங்கிட்டாங்க. நான் சீனம் படிச்சவன்னே நம்புறாங்க. இந்த வருஷம் ஜெனரல்!"

சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார். "ஹேவ்லாக்ல தமிழாளு கிடையாது. நீங்க இந்தியிலயே பேசுங்க சார். இல்லேன்னா என் பதவி போயிரும்."

படகுத்துறையில் கூட்டம் காத்திருக்கிறது. "ஜெனரல் சாப்!" என்று ஒரே கூச்சல். ஒரு பெங்காலி அம்மாள் என்னைக் காட்டி, இவர் யார் என்று இந்தியில் கேட்கிறாள்.

"சீனாவிலிருந்து வந்திருக்கும் புது அரசியல் அதிகாரி" என்று ஜெனரலும் இந்தியில் கூசாமல் அளக்கிறார்.

கூட்டம் அடங்குகிறது. எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. முஷ்டியை உயர்த்தி, தொண்டை கிழியக் கத்துகிறேன்:

"பசிக்குது! இங்கே சோறு எங்கே கிடைக்கும்?"

துறையே அதிரக் கைதட்டுகிறார்கள். சோறு எங்கே கிடைக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.