காலைத் தடுக்கிய ஒயர்

மகள் ப்ளஸ் டூ படித்த வருடம், அவளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று என் கணவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கிரிக்கெட் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. டி.வி.யில் செருகிய ஒயரைப் பிடுங்கிவிடுவேன். உடனே டி.வி. சத்தத்தில் வீடே அதிரும். "இதோ வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்.

ஹாலின் குறுக்கே கிடந்த அந்த ஒயர் எல்லோர் காலையும் தடுக்கியது. நான்தான் பிடிவாதமாக, குரோம்பேட்டையில் ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கினேன். அவருக்குக் கொண்டாட்டம். அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில்கூட உலாத்துவார்.

ஒரு ஞாயிறு மதியம் மாடியில் இருந்தவரை, "ஏங்க, சாப்பிட வாங்க" என்று மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. காதில் மாட்டியிருப்பார் என்ற எரிச்சலில் நானும் மகளும் சாப்பிட்டோம். பாத்திரமும் கழுவிவிட்டுத்தான் மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் வாய் கோணிக் கிடந்தார். ஹெட்போனில் யாரோ ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பக்கவாதம்மா. இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே" என்றார் டாக்டர். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன.

இப்போதெல்லாம் ஒரு குரலுக்குப் பதில் வராவிட்டால், யாராக இருந்தாலும் உடனே போய்ப் பார்த்துவிடுகிறேன். அவருக்குப் பழைய ஒயர் ஹெட்போனையே மாட்டிவிடுகிறேன். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் ஒயரை இழுத்துப் பிடுங்குவார். வீடே அதிரும்.

"இதோ வந்துட்டேங்க" என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.