மீன் ஐஸில் குளிர்ந்த ஷாம்பெயின்

முறுக்கை எண்ணெயில் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கட்டுமாவடியிலிருந்து அந்தோணி மாமா, செசிலி அக்காவின் வீட்டுக்காரர். "வசந்தா, ஒங்கக்கா போயிட்டாம்மா. காலையில எந்திரிச்சா, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னா, அவ்வளவுதான்." அந்த ஈடு முழுக்கக் கருகிப்போனது. செசிலி அக்கா பார்த்திருந்தால், அழுகையெல்லாம் அப்புறம், முதலில் அடுப்பை அணைடி என்று என்னை ஒரு அதட்டு அதட்டியிருப்பார்.

சிங்கப்பூர் விமான நிலையத்து மதுக்கடையில் எங்களோடு நின்று கால் கடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அங்கே பில் போட்டவள். அவர் உயர்ந்த ரக ஷாம்பெயின் அடுக்குக்குப் பொறுப்பு. இருபது வருடம் அதை விற்ற அக்கா ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. மாமா ஒரு காலத்தில் மொடாக்குடியர். அவர் குடியை விட்ட அன்று, இனி இந்த வீட்டில் யாரும் தொடமாட்டோம் என்று இருவருமாக மாதா கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். அதனால் அக்காவுக்கு எல்லாம் மூக்குதான். மிச்சம், கம்பெனிக்காரர்கள் நடத்திய வகுப்பும், வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து சொன்னதும்.

எனக்கு ஆரம்பத்தில் எல்லாமே நுரை வருகிற சரக்கு. ஒன்றில் வருடம் போட்டிருக்கிறது, இன்னொன்றில் இல்லையே, ஏன் என்று கேட்டேன். "வருசம் போடாதது பல வருசத்துச் சாறைக் கலந்தது. எப்ப வாங்குனாலும் ஒரே ருசியா இருக்கணும்ல? வருசம் போட்டா அந்த ஒத்த வருசத்து வெயிலும் மழையும் மட்டுந்தான். வெளைச்சல் சரியில்லாத வருசம் நல்ல கம்பெனிக்காரன் அதைப் போடவே மாட்டான், மானஸ்தன்." பிறகு பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். "முன்னால இருக்கிறது பொறந்த வருசம். சிலதுல பின்னாலயும் ஒரு தேதி இருக்கும், கசடு எடுத்து மூடுன தேதி. நடுவுல எத்தனை வருசம் கெடந்துச்சுன்னு பாரு. ருசி அங்கதான் ஏறுது." விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற பாட்டிலை வாங்காதீர்கள், ருசி கெட்டிருக்கும், உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள் என்று வருகிறவர்களிடமே சொல்லிவிடுவார். மேனேஜர் பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் நம் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். பேச்சிலேயே புதுக்கோட்டை தெரிந்தது.

"இருக்கிறதுலயே பழசாக் குடுங்க."

"எங்கிட்டு வைப்பீங்க? எப்பத் திறப்பீங்க?"

"ஊருல பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். அடுத்த வருசம் மகன் கல்யாணத்துக்குத் திறக்கணும்."

"வேணாங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல பீரோவுக்குள்ள கெடந்தா வெந்துபோயிரும். கல்யாணத்துக்கு மொத வாரம் இங்கேருந்து வர்றவுக யார்கிட்டயாச்சும் வாங்கியாரச் சொல்லுங்க. நல்லா வச்சிருந்த பழசுதாங்க நல்லது."

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இதைக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் என்னத்தச் சொல்றீங்க!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. அந்தாளு கெடக்கான், விடுங்க என்றேன். அக்காவுக்கு மதியம் சோறு இறங்கவில்லை. "வாட்டுன ரொட்டி, எலுமிச்சைத் தோலு, கடைசியில வறுத்த பாதாமுன்னு இருபது வருசமாச் சொல்றேனேடி. அம்புட்டும் பொய்யா இருந்தா?" அந்தக் கேள்வி அவரை விடவேயில்லை.

அடுத்த சித்திரையில் அவர் ஓய்வுபெற்றார். நானும் வேலையை விட்டு அவரோடு கிளம்பினேன். வாழ்க்கையில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பாட்டில், திருச்சியிலிருந்து கட்டுமாவடி வரை ஏசி காரில் என் மடியில் வந்தது. வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டுதல் இருக்கிறதே! மாமா வண்டிச் சாவியை எடுத்தார். "ஒரு வாய்தானே? மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பரீட்சை எழுது. நான் பக்கத்துல ஒக்காந்து டீ குடிக்கிறேன்." மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து ஒரு பெட்டி நொறுக்கு ஐஸோடு திரும்பி வந்தார்.

பெட்டியில் கெளுத்தி மீன் வாடை. பாட்டிலுக்கு மூன்று பாலிதீன் பை சுற்றி, ஐஸில் தண்ணீரும் ஊற்றி, அரை மணி நேரம் புதைத்துவைத்தோம். ஷாம்பெயினுக்கான உயரக் கிளாசுக்கு எங்கே போவது? பாயசம் குடிக்கிற கண்ணாடி டம்ளர்தான். டமார் என்று வெடிக்கப்போகிறது என நான் காதைப் பொத்திக்கொண்டேன். "வெடிச்சா பாதி நுரை தரைக்குத்தான்டி போகும்" என்று சொல்லிவிட்டு, அக்கா துண்டைப் போட்டுக் கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மெதுவாகத் திருப்பினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மாமாவின் டீ பாதி வழியில் நின்றது.

"ரொட்டி இருக்குடி." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "எலுமிச்சை இருக்கு." பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி எதையோ தேடினார். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது. "பாதாம் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்புட்டேன். மத்தபடி பொய் சொல்லலடி!"

மாமா சிரித்த சிரிப்பில் டீ வேட்டியெல்லாம் கொட்டியது. அக்கா அதற்குப் பிறகு தொடவேயில்லை. மிச்சத்தை யார் முடித்தார்கள் என்று கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் வரை நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் கார்க் பொன்னமராவதியில் என் பலகாரக் கடைக் கல்லாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக ஒன்றை அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். நல்லாருக்குமா என்று யாராவது கேட்டால், அவர்கள் முன்னாலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். போட்ட முதல் பூராவும் உன் வயிற்றுக்குள்தான் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து மறுநாள் கடை திறந்தேன். முதலில் வந்த அம்மா கேட்டார்: "முறுக்கு நல்லாருக்குமா?" ஒன்றைக் கடித்தேன்.

"நல்லாருக்குங்க. உப்பு மட்டும் ஒரு கல்லு கூடிப்போச்சு."

அவர் சிரித்துவிட்டு அரைக் கிலோ கட்டச் சொன்னார். நான் கார்க்கைப் பார்த்தேன். பொய் சொல்லலக்கா.