வெந்நீர் படாத தோல்

அந்த மழைக்காலத்தில் தீவின் வடகோடியில் இருந்த எங்கள் திக்லிபூர் குவார்ட்டர்ஸில் துணி காய்ந்த நாளே இல்லை. ஒன்றரை வயது மகளுக்கு மூக்குக்குக் கீழே சின்னதாய் ஒரு புண் வந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியது. சளி பட்டுப் புண்ணாகியிருக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவினேன். கணவர் சாலை வேலைக்காக ஒரு வாரமாய் வெளியே தங்கியிருந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு முழுக்கச் சிவந்து, தொட்டாலே வீறிட்டாள். மறுநாள் காலை கழுத்திலும் அக்குளிலும் நீர்க்கொப்புளங்கள். தூக்கியபோது ஒன்று உடைந்து, முதுகுத் தோல் என் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்ததும், "கரம் பானி கிராயா க்யா?" என்றாள். வெந்நீரைக் கொட்டினாயா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். வெந்த புண் என்றால் போலீஸுக்கு எழுத வேண்டும் என்று இந்தியிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

தகவல் கேட்டு ஓடிவந்த கணவர் குழந்தையைப் பார்த்துவிட்டு என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போனார்.

"உண்மையச் சொல்லு. குளிப்பாட்டும்போது கை தவறிடுச்சா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் உள்ளே குழந்தையிடம் போய்விட்டேன்.

ஆம்புலன்ஸில் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். வழியில் பாராடாங்கில் கடலைத் தாண்ட ஃபெர்ரிக்காக நின்றபோது, போர்வை ஒட்டியிருந்த இடங்களை ஈரத்துணியால் நனைத்து நனைத்து எடுத்தேன். அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அவர் என் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

போர்ட் பிளேரில் குழந்தை டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். முதலில் மூக்கைத்தான் பார்த்தார்.

"வெந்நீரெல்லாம் இல்லம்மா. இந்தப் புண்ணுல இருக்கிற கிருமிதான். அதோட விஷம் ரத்தத்துல கலந்து மேல்தோலை உரிச்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படி வரும். புண்ணு வந்தப்பவே காட்டியிருக்கலாம்."

"அவர்கிட்டயும் ஒருவாட்டி சொல்லிடுங்க டாக்டர்" என்றேன்.

சொன்னார். கணவர் தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

ஊசி மருந்து நரம்பில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் அவளை மடியில் வைக்க முடியவில்லை. கட்டிலோரம் நின்று, தோல் உரியாமல் இருந்த உள்ளங்காலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் தடவிய அந்த நாட்கள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. பிறகு இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. தழும்பு எதுவும் விழவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் கை நீட்டினார். "இப்படிக் குடு, நான் வெச்சுக்கிறேன்."

மகள் அவரிடம் தாவப் பார்த்தாள். நான்தான் கொடுக்கவில்லை. திக்லிபூர் வரும்வரை கால் மரத்துப் போக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.