வாடிப்பட்டிக்குப் போன கிளட்ச் பிளேட்

பயிற்சிக் காலம் மூன்று மாதம். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். எனக்கோ ஒரு இடத்தில் கால் தரிக்காது. கே.கே. நகரில் எங்கள் அம்மா, மிஷன் பள்ளி ஆசிரியை, டிபன் பாக்ஸோடு கெடுவையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புவார். "மூணு மாசந்தான்டீ. அதுக்குள்ள வேலை நிரந்தரமாகலன்னா பேசாம பி.எட். சேர்ந்துரு." வகுப்பறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். பார்ட் நம்பர்களை வெறிபிடித்தவள் போல மனப்பாடம் செய்தேன்.

கம்பெனியிலிருந்து பாடம் நடத்த வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பழைய சாமானைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுத்துக் கொடுக்காதே, வண்டியின் சேசிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் போடு, அது காட்டுவதைக் கொடு. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சட்டுப்புட்டென்று வேலை முடிந்துவிடும் அல்லவா!

கடைசி வாரம். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கிளட்ச் பிளேட் கேட்டு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பழைய பிளேட்டை மேசைமேல் வைத்தார்.

"இத ஒருவாட்டி பாத்துக்க தாயி. மழ பேஞ்சு கெடக்கு, ஈரம் காயிறதுக்குள்ள உழுதாகணும்."

"அதெல்லாம் வேணாம்ணே, நம்பரச் சொல்லுங்க" என்றேன். மேலாளர் உள்ளே ஏதோ வேலையாக இருந்தார். இரண்டே நிமிடத்தில் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கிரீஸ் அப்பிய புதுப் பிளேட்டோடு வந்து நின்றார். மாட்டிப் பார்த்தால் பொருந்தவில்லையாம். எப்போதோ ஒரு மெக்கானிக் அந்த வண்டியில் வேறு மாடலின் கியர்பாக்ஸை ஏற்றியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? பழைய பிளேட்டின் நடுவிலுள்ள பற்களை எண்ணியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"ஏம்மா, நம்பர் போட்டுப் பாத்துத்தான குடுத்த?" என்றார் மேலாளர்.

பழசை விவசாயி கொண்டுவந்து காட்டினார், நான்தான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் வேலை போச்சு. "ஆமா சார்" என்றேன்.

"அப்ப நம்ம மேல தப்பில்லண்ணே. மாட்டிப் பாத்தத திரும்ப எடுக்க மாட்டோம்."

விவசாயி என்னை ஒரு தரம் பார்த்தார். "பிள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. பழசக் கொண்டாந்து காட்டாதது ஏந்தப்பு" என்றார். பொருந்துகிற பிளேட்டை மறுபடி காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த வாரமே வேலை நிரந்தரமாயிற்று. அம்மா கேசரி கிண்டினார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. நான் பொய் சொல்லவில்லைதான். எனக்காக அந்த விவசாயி சொன்னார்.