படத்தில் ஒலித்த ஒப்பாரி

எங்கள் பகுதியில் எடுத்த சிறிய படமொன்றுக்கு நான் பாடல் எழுதினேன், நண்பர் ஒருவர் இசையமைத்தார். மெலிந்த மனிதர். தெருவில் கேட்கும் ஒலிகளையெல்லாம் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வது அவர் வழக்கம்.

காசிமேட்டில் படத்தைத் திரையிட்ட அன்று, இறுதிக் காட்சியில் ஒரு தாயின் ஒப்பாரி ஒலித்தது. எங்கள் முன்னால் அமர்ந்திருந்த மீன்காரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“இன்னா நைனா, எம்புள்ள சாவுல நான் அழுதது தானே இது?”

“ஆமாக்கா. கேக்காம எடுத்துட்டேன். தூக்கிட்றேன்.”

“தூக்காத. அவன் பேரச் சொல்லிச் சொல்லி அழுதேனே, அத்த மட்டும் ஏன் வெட்டிட்ட?”

படத்தில் இறப்பவனுக்கு வேறு பெயர் என்று நண்பர் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டார்.

திரையில் ‘இசை’ என்று அவருடைய பெயர் வந்தபோது கூடமே கைதட்டியது. அவர் குனிந்தே அமர்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.