குடிக்கிற கிணறு

ஊரில் அவருக்குத் தண்ணிக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டால், பாவம், பொழுது சாய்ந்தால் தள்ளாடுகிற மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அரசாங்கத்தின் நிலத்தடி நீர்த் துறையில் கள ஆய்வாளர். வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவதுதான் வேலை. தண்ணியில் மிதக்கிறவனுக்கும் தண்ணீரைக் காக்கிறவனுக்கும் வித்தியாசம் பார்க்காத ஊரை என்ன சொல்வது? அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. திருத்துவதற்கு எதிரே ஒருவர் நின்று பேச வேண்டும். அவரிடம் நின்று பேச யாருக்கும் பிரியமில்லை.

காரணம் பூமிக்கு அடியில் இருந்தது. வெகு ஆழத்தில் பாறை, அந்தப் பாறைக்குள் எரிவாயு. கம்பெனிக்காரர்கள் துளை போட்டு இறங்கி, தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் கலந்து பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளந்து வாயுவை மேலே கொண்டுவருவார்கள். வழியில் இருக்கும் குடிநீர் கெட்டுவிடக் கூடாதே என்று அரசாங்கம் விதிகள் போட்டது. குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் துளை போடக் கூடாது. சற்றுத் தள்ளிப் போட்டாலும், சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளை முதலிலேயே சோதித்து வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் கெட்டால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் போடுவதும் கிணறு, ஜனங்கள் இறைப்பதும் கிணறு. ஆபீசில் குழப்பம் வராமல் இருக்க ஒரு குமாஸ்தா, இது குடிக்கிற கிணறு, அது குடைகிற கிணறு என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

இந்த இரண்டு கிணற்றுக்கும் நடுவில் நம்மவர் மாட்டிக்கொண்டார். நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட நினைத்தவர்கள், கெடுக்க வந்துவிட்டான் என்றார்கள். தண்ணீருக்குப் பயந்தவர்கள், கம்பெனிக்குக் கையாள் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது இடித்தால் சத்தம் வரும், இவருக்கு அதுவும் வராது. ஒருமுறை ஒரு குத்தகைத் தரகர், "உங்களைத் தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்த வச்சிடுவேன்" என்று மிரட்டினார். "அங்க எனக்கு என்னங்க வேலை?" என்று இவர் உண்மையாகவே கேட்டார். அதை நக்கல் என்று நினைத்து அந்த மனிதர் பல காலம் கோபமாக இருந்தார்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, மாதிரிப் பாட்டில்களுக்கான குளிர்பெட்டி. வாசனைச் சோப்பு கிடையாது, தைலம் கிடையாது, கையில் பூசும் கிரீம் கிடையாது. வாசனை கையிலிருந்து பாட்டிலுக்குள் இறங்கினால் சோதனையே கெட்டுப்போகும். ஜீப்புக்குப் பெட்ரோல் போடுவதுகூட முதல்நாள் சாயங்காலம்தான். இப்படி எந்த வாசனையும் இல்லாமல் வாழ்ந்து வாழ்ந்து, அவர் ஓர் அறைக்குள் வந்தாலும் போனாலும் தெரியாது என்கிற நிலைக்கு வந்திருந்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார், தள்ளிப்போட்டார், கடைசியில் அது இவரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அக்கா ஒருத்திதான் மிச்சம்.

அக்கா வீடு ஊருக்கு வெளியே, மேட்டு நிலத்தின் ஓரத்தில் தனியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் சாப்பாடு. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா டம்ளரில் தண்ணீரோடு வந்து நிற்பாள். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். லேசாக இரும்பு வாடை, தொண்டையில் இறங்கும்போது ஒரு சில்லிப்பு. அதைக் குடித்த பிறகுதான் அவருக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும். வேலையிடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது துறையின் விதி. வாரம் முழுக்க அடுத்தவர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே தாகத்தோடு திரிகிற மனுஷனுக்கு, உட்கார்ந்து குடிக்க இருந்தது அந்த ஒரு டம்ளர்தான். அக்காவுக்கும் அவருக்கும் சண்டை வராமல் இல்லை. வந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே போன் பண்ணி, "நீரடிச்சு நீர் விலகுமாடா, வந்து சாப்பிடு" என்பாள்.

அந்த மேட்டு நிலத்தைத்தான் கம்பெனி கேட்டது.

அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குத்தகையை விடப் பெரிய சந்தோஷம், மகனுக்கு அங்கேயே லாரி ஓட்டும் வேலை தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. படித்துவிட்டு நெடுநாளாக வீட்டில் இருந்த பையன். தூரத்து நகரத்துக்குப் போய்விடுவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். இனி போக வேண்டாம். ஒரே ஒரு தடைதான். வீட்டுக் கிணறு துளை போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அது குடிக்கிற கிணறு என்றால் அங்கே துளை போட முடியாது. உபயோகத்தில் இல்லாத பாழ்க் கிணறு என்றால் விதி பொருந்தாது, முன்சோதனையும் தேவையில்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆய்வாளர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அவர் மேலதிகாரியிடம் போய், "அது என் அக்கா வீடு சார். வேற ஆளை அனுப்புங்க" என்றார்.

"வேற ஆள் எங்கய்யா இருக்கு? ரெண்டு போஸ்ட் காலியாக் கிடக்கு. சொந்தக்காரங்க வீடுன்னு பார்த்தா, அப்புறம் நான்தான் பாட்டிலைத் தூக்கிட்டுப் போகணும்" என்றார் மேலதிகாரி. அதோடு பேச்சு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அக்கா மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணும் பெருசா இல்லடா. பாழ்க் கிணறுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அவருக்கு வேறொரு வீடு நினைவுக்கு வந்தது. ஆற்றுப் பக்கம் ஒரு பெண்மணியின் வீடு. அவளும் இப்படித்தான், பாழ்க் கிணறு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். துளை போட்ட மறுவருஷம் தண்ணீர் உப்புக் கரித்தது, குழாயைத் திறந்தால் புஸ் புஸ் என்று காற்று வந்தது. அவள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். முன்சோதனை இல்லாததால், தண்ணீர் முதலிலிருந்தே அப்படித்தான் என்றது கம்பெனி. இல்லை என்று சொல்ல ஒரு பாட்டில் சாட்சி கிடையாது. அவர் போகும்வரை அவள் குழாயை மூடவே இல்லை. ஓடவிட்டுக்கொண்டே நின்றாள்.

ஆய்வு நாளில் கம்பெனிப் பொறியாளரோடு அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் முற்றத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "வாங்க சார்" என்றார். தம்பி, தம்பி என்று உரிமையோடு வாய் ஓயாமல் பேசுகிறவர், மச்சினனை முதல்முறையாகச் சார் என்றார். மோட்டாரின் வயர்கள் கழற்றிவிடப்பட்டிருந்தன.

"இந்தக் கிணத்துத் தண்ணிய நாங்க வாயில வைக்கிறதே இல்ல சார். செடிக்குக்கூட ஊத்துறதில்ல. எல்லாம் கேன் தண்ணிதான்" என்று அத்தான் ஒப்பித்தார். துறைக்கே தண்ணி காட்டப் பார்க்கிறார் மனுஷர் என்று இவருக்குச் சிரிப்பு வந்தது.

பொறியாளருக்குப் போன் வந்தது. அவர் வெளியிலேயே நின்றுவிட்டார். வீட்டுக் குழாய்களைப் பார்ப்பதற்காக நம்மவர் மட்டும் உள்ளே போனார். சமையலறையில் கேன்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் அக்கா மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினாள். வெயிலில் வந்த தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். புருஷன் காலையிலிருந்து சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் எங்கே போயிற்றோ, கை தானாக, விடிகாலையில் பிடித்துவைத்த ஜக்கைத் தேடியது.

"என்னடா இப்படி வேர்த்திருக்கு? முதல்ல இதக் குடி" என்று டம்ளரை நீட்டினாள்.

வேலையிடத்தில் எதையும் வாயில் வைக்காத மனுஷன், வாங்கிக் குடித்தார். அக்கா கொடுத்து வாங்காமல் இருந்து பழக்கமில்லை. முதல் மடக்கிலேயே அந்த இரும்பு வாடையும் சில்லிப்பும் தெரிந்தன. டம்ளரை இறக்கினார். கேன்களைப் பார்த்தார். ஒன்றின் சீல்கூட உடைக்கப்படவில்லை.

அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நீ குடிக்கல" என்றாள் தணிந்த குரலில். "சரியா? நீ ஒண்ணும் குடிக்கல."

"குடிச்சிட்டேனேக்கா."

"யாரு பார்த்தா? நான் பார்த்தேன், இவன் பார்த்தான். வாயத் துடைச்சிட்டுப் போ."

"நாளைக்கு இது கெட்டுப்போச்சுன்னா, முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு சொல்ல நாதி இருக்காதுக்கா. நான் பார்த்திருக்கேன்."

"தண்ணி போனா காசு குடுத்து வாங்கிக் குடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா. "புள்ள போனா எந்தக் கடையிலடா வாங்குவேன்?"

விதிப் புத்தகத்தில் எத்தனையோ தூரத்துக்கும் ஆழத்துக்கும் கணக்கு இருக்கிறது, இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அக்கா சொல்வது நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. தான் செய்யப்போவதும் நியாயம் என்று தெரிந்தது. இரண்டு நியாயமும் ஒரே சமையலறையில் நிற்க இடமில்லை. டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டு, அதை மேடைமேல் வைத்தார். வெளியே வந்தார்.

"குடிக்கிற கிணறுதான்" என்றார் பொறியாளரிடம்.

"எப்படிச் சொல்றீங்க? வீட்டுக்காரர் இல்லைங்கறாரே."

"இப்பதான் குடிச்சேன்."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதிரி எடுக்க மோட்டார் ஓட வேண்டும். வயர்களை யார் மாட்டுவது என்று எல்லோரும் நின்றபோது, அக்கா மகன் உள்ளேயிருந்து வந்து மாட்டிக்கொடுத்தான். "மாமா" என்று ஒருதரம் கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை. கூப்பிடவில்லை.

கம்பெனி மேட்டுக்கு அந்தப்பக்கம் வேறு ஒருவர் நிலத்துக்குப் போயிற்று. குத்தகையும் லாரி வேலையும் அங்கேயே போயின. அக்கா மகன் ஒரு பெட்டியோடு தூரத்து நகரத்துக்குப் பஸ் ஏறினான். அந்தச் செய்தியே அவருக்கு டயர் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "உங்க அத்தான் கடைவீதியில நின்னு சொல்லிட்டாருங்க, அந்த மச்சினனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு" என்று கூடுதலாக ஒரு தகவலும் தந்தார் அந்தப் புண்ணியவான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்து, தோய்த்த சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன் வரும் என்று இருந்தார். ஞாயிற்றுக்கிழமை டயர் கடையும் லீவு. கீழே சுத்தியல் சத்தம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. மதியம் தாண்டியதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்தார். அதற்கடுத்த ஞாயிறும் சட்டை போட்டார். நீரடித்து நீர் விலகாது என்பது அக்கா வாயிலிருந்து வந்த வார்த்தை, வீண்போகாது என்று நம்பினார். சில மாதம் கழித்துச் சட்டை போடுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் துணைக்கு அதுவாவது இருந்திருக்கும்.

மேட்டுக்கு அந்தப்பக்கம் துளை போட்டுப் பாறையைப் பிளந்து முடித்தார்கள். சுற்றியுள்ள குடிக்கிற கிணறுகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. அக்கா வீடும் அதில் வந்தது.

போனபோது கதவு சாத்தியிருந்தது. முற்றத்துக் குழாயில் மாதிரி எடுக்க உத்தரவு கேட்கத் தேவையில்லை. கையுறை மாட்டினார். குழாய்க்குள் தேங்கின தண்ணீர் போகட்டும் என்று நிறைய நேரம் ஓடவிட்டார். பிறகு பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். உப்பு ஏறவில்லை. சோதனைக் கூடத்து முடிவு வரவேண்டும், ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வீட்டுத் தண்ணீர் அப்படியே இருந்தது. அந்த முற்றத்தில் தனியாக நின்றுகொண்டு அவர் சந்தோஷப்பட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது. தலை நிறைய நரைத்திருந்தது.

"அக்கா, தண்ணி நல்லா இருக்குக்கா."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடேன்க்கா" என்றார்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"குடிக்கவா, எழுதவா?"

"குடிக்கத்தான்" என்றார் அவர். கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. அக்கா வந்தாள். கையில் டம்ளர் இல்லை. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத ஒரு பாட்டில். அதை முற்றத்துச் சுவர்மேல் வைத்தாள்.

"ஆபீஸ்லேர்ந்து வர்றவங்களுக்கு இதுதான் குடுக்கறது" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் சீலை உடைத்து, நின்றபடியே முழுவதும் குடித்தார். ஒரு வாடையும் இல்லை, சில்லிப்பும் இல்லை. எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரோ, அவருக்குத் தெரியவில்லை.