மேஜை நிறைய நாற்காலி

என் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு பேட்டர்ன் போடுகிறாள். ஷூவின் மேல்தோலை எந்தெந்தத் துண்டாக வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. போன மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்து வரைகிறாள். உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை. கம்ப்யூட்டர் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அவள் அதில் சம்பாதிக்கிறாள், நான் அதில் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். தேடியது கிடைத்தாலும் மூட மாட்டேன்.

அன்றைக்குக் குழந்தைகள் ஷூ. முழுக்க அவளே யோசித்த முதல் மாடல். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அனுப்பினால் சாம்பிள் வெட்டுவார்கள். இல்லையென்றால் வேறொருவர் மாடல் போய்விடும். கடைசிக் கோட்டை இழுத்தாள். கோடு பாதியில் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. காலையிலிருந்து போட்டதை அவள் இன்னும் சேவ் பண்ணவில்லை. ஆஃப் பண்ணினால் எல்லாம் போச்சு.

என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மெமரி பத்தவில்லை என்று திரையில் இங்கிலீஷில் வந்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் உடனே யோசனை சொன்னேன்: கல்யாண போட்டோ ஏகப்பட்டது கிடக்கிறது, அழித்துவிட்டால் லேசாகிவிடும். அவள் பார்த்த பார்வையில் நான்தான் லேசாகிப்போனேன்.

"போட்டோ கெடக்கறது குடோனு. குடோன்ல எவ்ளோ இருந்தா இன்னா? இங்க வேல செய்ற மேஜைல எடம் இல்ல. யாரோ மூட்டைய எறக்கி வெச்சிருக்காங்க."

எந்த புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று திறந்து காட்டினாள். உச்சியில் என் பிரவுசர். பிரியாணிப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்காத சொந்தக்காரர் மாதிரி.

மொத்தமாக மூடப் போனாள். எல்லாம் முக்கியமானது என்று கெஞ்சினேன். அப்படியா, பார்க்கலாம் என்றாள்.

பேட்டர்னுக்கு வருவதற்கு முன்னால் அவள் தோல் பிரிக்கிற செலக்‌ஷன் மேஜையில் இருந்தவள். தோலை விரித்து, ஒரு தடவு தடவி, தரத்தைச் சொல்லித் தள்ளிவிடுவாள். பிரவுசரில் நான் திறந்துபோட்டிருந்த டேப்களையும் அப்படியே பிரித்தாள். மீன் தொட்டியைச் சுத்தம் செய்வது எப்படி. எங்கள் வீட்டில் மீன் இல்லை. ரிஜெக்ட். பாலாற்றில் தண்ணீர் வந்த வீடியோ, பாதியில் நின்றது. ரிஜெக்ட். வழுக்கைக்கு வெங்காயச் சாறு. திரும்பி என் தலையைப் பார்த்து, "லேட்டு" என்றாள். ரிஜெக்ட்.

அதற்குப் பிறகு வந்தது ஒரு நாற்காலி. முதுகுக்கு வளைவு வைத்தது. அடுத்த டேப், இன்னொரு நாற்காலி. அடுத்ததும். வலையடித்த முதுகு, மெத்தை வைத்த முதுகு, ஏற்றி இறக்குகிற முதுகு. மேஜையை அடைத்துக்கொண்டிருந்த மூட்டை அதுதான்.

அவள் கை மவுஸிலேயே நின்றது. "எப்பலேர்ந்து?"

"உனக்கு முதுகு புடிச்சதுலேர்ந்து."

"வாங்காமயே?"

"எது நல்லதுன்னு பாத்துட்டு இருந்தேன்."

அந்த மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. அவள் தலையணையைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டு நாற்காலிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள், இந்த முறை நிதானமாக. ரிஜெக்ட். ரிஜெக்ட். ஒன்றில் மட்டும் நின்று, திரையை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"இது ஏ கிரேடு."

மற்றதெல்லாம் மூடியதும் வட்டம் நின்றது. பாதியில் தொங்கிய கோடு தானாகப் போய் முடிந்தது. சேவ் பண்ணினாள், அனுப்பினாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே. கம்பெனியிலிருந்து மாடலை வெட்ட எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்தபோது மட்டும் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

பிறகு எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். இப்பவே வாங்குங்க என்று அர்த்தம். உட்கார்ந்தேன். கறுப்பா நீலமா என்று திரை கேட்டது. எது அழுக்குத் தாங்கும் என்று பார்க்க இன்னொரு டேப் திறக்கப் போனேன்.

பின்னால் நின்று லேசாக இருமினாள்.

கறுப்பையே அமுக்கினேன்.